நெஸ்டட் கண்ட்ரோல்: உள்ளடுக்கு உறுப்பு

மேசைக்கணினிக்கான செயலிகளை எழுதுவோர் அன்றாடம் புழங்கும் ‘நெஸ்டட் கண்ட்ரோல்’ என்னும் தொடர், செயலியின் சாளரமாகிய படிவத்தின்மீது நேரே அமராமல், அப்படிவத்திலுள்ள சட்டகம், தாவல் பக்கம் போன்ற வேறொரு கொள்கலனுக்குள் அமர்ந்திருக்கும் பொத்தானையோ உரைப்பெட்டியையோ குறிக்கும். இத்தொடரைத் தமிழாக்க முனைவோர் ‘கட்டுப்பாடு’, ‘பின்னலான’ என்னும் இரண்டு ஆயத்தச் சொற்களை எடுத்து ஒட்டிவிடுகின்றனர். இரண்டுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து.

‘கண்ட்ரோல்’ என்பதன் வேர் இடைக்கால இலத்தீனில் உள்ளது. ‘கோந்த்ரா’ என்றால் எதிர். ‘ரோத்துலுஸ்’ என்றால் சுருள். கணக்கெழுதிய சுருளுக்கு எதிர்ச்சுருளாக ஒரு படியை வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை காண்பதே அச்சொல்லின் முதற்பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபின் சரிபார்த்தல் அடக்கியாளுதலாக விரிந்தது. பின்னர் பொறிகளை இயக்கும் பிடி, குமிழ், விசை ஆகியவற்றுக்கும் பெயராயிற்று. கணினித் திரையில் வரையப்பட்ட பொத்தான் அந்தக் குமிழின் வழித்தோன்றலே. தமிழில் ‘கட்டுப்பாடு’ என்றாலோ ஊர்க் கட்டுப்பாடும் உணவுக் கட்டுப்பாடும்தான் நினைவுக்கு வருகின்றன. வெறும் பெயர்ச்சீட்டாகத் திரையில் நிற்கும் ‘லேபிள்’ எதைக் கட்டுப்படுத்துகிறது?

பயனர் செயலியோடு உறவாடும் திரைப்பரப்பை இடைமுகம் என்பதால், ‘இடைமுக உறுப்பு’ என்பதே தகும். உறுப்பு என்னும் சொல்லுக்கு உடலின் பகுதி என்ற பொருளோடு, ஒன்றாக அமைந்த முழுமையின் பகுதி என்ற பொருளும் நெடுங்காலமாக உண்டு. யாப்பிலக்கணம் எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை ஆகியவற்றைச் செய்யுளின் உறுப்புகள் என்கிறது. அவற்றுள் எழுத்து அசைக்குள்ளும், அசை சீருக்குள்ளும், சீர் அடிக்குள்ளும் அடங்குவதைப் பார்த்தால், நமக்கு வேண்டிய அமைப்பே அங்கு இருப்பது விளங்கும். நிரலாக்கத்தில் ‘கிளாஸ்’ எனப்படும் இனக்குழுவின் தரவு உறுப்பு என்னும் பாடநூல் வழக்கோடு குழம்பாதிருக்க ‘இடைமுக’ என்ற அடையை முதன்முறையேனும் சேர்த்தெழுதுவது நல்லது.

அடுத்தது ‘நெஸ்டட்’. பறவைக்கூட்டைக் குறிக்கும் ‘நெஸ்ட்’, வடமொழியின் ‘நீட’, இலத்தீனின் ‘நீதுஸ்’ ஆகிய மூன்றும் ‘கீழே அமர்தல்’ என்னும் பொருளுடைய ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை. ஒன்றனுள் ஒன்றாகப் பொருந்தும் பெட்டிகளுக்கு அச்சொல் பிற்காலத்தில் ஏறியது. இதற்குப் பாடநூல் வழக்கிலுள்ள ‘பின்னலான’ என்பது படத்தையே மாற்றிவிடுகிறது. பின்னலில் இழைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு ஓடும். எது எதற்குள் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. திரையுறுப்புகளிலோ ஒவ்வொரு சேய் உறுப்புக்கும் ஒரே ஒரு தாய் உறுப்புதான் உண்டு. ‘உள்ளமைந்த’ என்பது நிரல்மொழியோடு கூடவே வரும் செயற்கூறுகளுக்கும் (ஃபங்ஷன்), ‘உட்பொதிந்த’ என்பது கருவிக்குள் பதித்த கணினிக்கும் வழங்கிவிட்டன. ‘உள்ளுறுப்பு’ என்று சுருக்கினால் ஈரலும் குடலும் கண்முன் வரும். சமையலறையில் பெரிய பாத்திரத்துக்குள் சிறியதாக அடங்கிவரும் அடுக்குப் பாத்திரத்தை எண்ணி, ‘உள்ளடுக்கு உறுப்பு’ என்கிறேன்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நிரலில் உறுப்பைத் தேடும் முறையே இந்தப் படத்தைச் சார்ந்திருக்கிறது. 1998இல் வெளிவந்த விசுவல் பேசிக் 6 என்னும் மைக்ரோசாஃப்ட் நிரல்மொழியில் படிவத்தின் ‘கண்ட்ரோல்ஸ்’ தொகுப்பு, சட்டகத்துக்குள் இருப்பவை உட்பட எல்லா உறுப்புகளையும் ஒரே வரிசையில் தந்தது. 2002இல் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்துடன் வந்த விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்னும் படிவ நிரலகத்தில் அதே பெயருடைய தொகுப்பு, நேரடிச் சேய்களை மட்டுமே தருகிறது. ஆகவே தாவல் பக்கத்துக்குள் உள்ள உரைப்பெட்டியைப் படிவத்தின் தொகுப்பில் பெயர் சொல்லிக் கேட்டால், எதுவும் இல்லை எனக் காட்டும் வெறுமதிப்பே (‘நல்’) கிடைக்கும். அதைச் சோதிக்காமல் அடுத்த வரியில் பயன்படுத்தினால் செயலி பிழையோடு நிற்கும். பழைய நிரலை அப்படியே புதிய மொழிக்கு மாற்றியவர்கள் இதில் இடறியதில் வியப்பில்லை, ஏனெனில் சொல் மாறவில்லை, பொருள்தான் மாறியிருந்தது.

தீர்வு எளிது. ஓர் உறுப்பின் சேய்களைப் பார்ப்பது, ஒவ்வொரு சேயிடத்தும் அதே செயற்கூறை மறுபடி அழைப்பது என்னும் தற்சுழற்சி போதும். ஒவ்வொன்றுக்கும் தாய் ஒன்றே என்பதால் எந்த உறுப்பும் இருமுறை சிக்காது. டாட்நெட் 2.0 முதல் தொகுப்பிலேயே ‘ஃபைண்ட்’ என்னும் செயற்கூறு உள்ளது. அதற்குத் தரும் உள்ளீடுகளில் இரண்டாவதான அளபுருவுக்கு ‘ட்ரூ’ (ஆம்) என்று கொடுத்தால் எல்லா அடுக்குகளிலும் தேடும், ‘ஃபால்ஸ்’ (இல்லை) என்றால் முதல் அடுக்கோடு நின்றுவிடும். வெவ்வேறு கொள்கலன்களில் ஒரே பெயருடைய உறுப்புகள் இருக்கலாமாதலால் அது ஓர் உறுப்பைத் தராமல் உறுப்புகளின் வரிசையாகிய அணியையே தருகிறது. ஒன்றும் அகப்படாதபோது வருவது வெறுமதிப்பன்று, வெற்று அணி. கியூட்டி (Qt) என்னும் மற்றோர் இடைமுக நிரலகத்தின் ‘ஃபைண்ட்சைல்ட்’ இதற்கு மாறாக, சொல்லாமலே உள்ளடுக்குகள் அனைத்திலும் தேடும். நேரடிச் சேய்களோடு நிறுத்த வேண்டுமென்றால்தான் தனியே சொல்ல வேண்டும். அங்கே இவ்வுறுப்புகளுக்குக் ‘கண்ட்ரோல்’ என்ற பெயரும் இல்லை, ‘விட்ஜெட்’ என்பதே பெயர். தமிழில் அதற்கும் இடைமுக உறுப்பு என்றே எழுதலாம்.