தாக்குதல் ஹெலிகாப்டர்: சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

2019 செப்டம்பர் 3ஆம் தேதி, பஞ்சாபில் உள்ள பதான்கோட் தளத்தில் எட்டு அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் இந்திய விமானப்படையில் சேர்ந்தன. அமெரிக்காவின் போயிங் நிறுவனத்திடம் வாங்கிய இருபத்திரண்டில் முதல் எட்டு அவை. இந்த மாதிரி எந்திரத்துக்குத் தமிழ்ச் செய்திகளில் ஒரே பெயர் கிடையாது. போர் ஹெலிகாப்டர் என்பார்கள், தாக்குதல் ஹெலிகாப்டர் என்பார்கள், ராணுவ ஹெலிகாப்டர் என்பார்கள், சில நேரம் போர் விமானம் என்றே எழுதிவிடுவார்கள். நான்கும் ஒன்றல்ல. வாங்குவது என்ன, யாருக்காக, எதற்காக என்று வாசகருக்குப் புரிய வேண்டுமானால் இந்தச் சொற்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

முதலில் ஹெலிகாப்டர். இதை 'ஹெலி' என்றும் 'காப்டர்' என்றும் இரண்டாகப் பிரிப்பதுதான் வழக்கம். ஹெலி வந்து இறங்கும் இடம் ஹெலிபேட், நான்கு சுழலிகள் கொண்ட சிறு கருவி குவாட்காப்டர் என்று ஆங்கிலமே அப்படி வெட்டி வைத்துவிட்டது. சொல் பிறந்த விதமோ வேறு. கிரேக்கத்தில் 'ஹெலிக்ஸ்' என்றால் சுருள், திருகு. 'ப்டெரோன்' என்றால் சிறகு. டெரோடாக்டைல் என்று நாம் படித்த பழங்காலப் பறக்கும் உயிரினத்தின் பெயரில் இருப்பதும் இதே சிறகுதான்; ஆங்கிலத்தில் அதன் முதல் 'ப்' ஒலிப்பதில்லை. அதன் பொருள் சிறகு விரல். ஆக, சொல்லை வெட்ட வேண்டிய இடம் 'ஹெலிகோ' என்பதற்கு அடுத்து. மீதி 'ப்டர்'. நேராகத் தமிழில் சொன்னால் சுருட்சிறகு.

இரண்டு கிரேக்கச் சொற்களையும் ஒட்டியவர் கிரேக்கர் அல்லர், பிரெஞ்சுக்காரர். குஸ்தாவ் த பொந்தோன் தமெகூர் என்பவர் 1861இல் இந்தப் பெயரை உருவாக்கினார். நீராவியில் ஓடும் சிறிய மாதிரி ஒன்றையும் செய்து பார்த்தார், அது பறக்கவில்லை. பெயர் பிறந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்துத்தான், 1939இல், இகோர் சிகோர்ஸ்கி அமெரிக்காவில் தன் விஎஸ்-300 எந்திரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். இன்று நாம் பார்க்கும் வடிவம், அதாவது மேலே ஒரு பெரிய சுழலியும் வாலில் ஒரு சின்னச் சுழலியும் கொண்ட அமைப்பு, அங்கிருந்துதான் பரவியது. பெயர் முன்னே வந்து பொருள் பின்னே வந்த அபூர்வமான சொற்களில் இதுவும் ஒன்று.

'சிறகு' என்று பெயர் வைத்தது எவ்வளவு சரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலைக்கு மேலே சுற்றுவதை நாம் விசிறி என்கிறோம், ஃபேன் என்கிறோம். உண்மையில் அதன் ஒவ்வோர் இதழும் விமான இறக்கையைப் போலவே வளைத்துச் செய்யப்பட்ட இறக்கை. விமானம் ஓடினால்தான் அதன் இறக்கைக்குக் காற்றும் தூக்குவிசையும் கிடைக்கும். இங்கே உடல் நின்ற இடத்திலேயே நிற்க, இறக்கை மட்டும் சுற்றுகிறது. அதனால் ஓடுபாதை தேவையில்லை. அந்தரத்தில் அப்படியே நிற்கவும் முடிகிறது. பெரிய சுழலி ஒரு பக்கம் சுற்றும்போது உடல் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும்; அதைப் பிடித்து நிறுத்தத்தான் வாலில் இருக்கும் சின்னச் சுழலி.

மற்ற மொழிக்காரர்கள் எல்லோரும் கிரேக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஜெர்மன்காரர்கள் 'தூக்கும் திருகு' என்று பொருள்படும் சொல்லைச் செய்துகொண்டார்கள். சீனர்களுக்கு அது 'நேராக எழும் எந்திரம்'. ரஷ்யர்கள் முதலில் கிரேக்கப் பெயரையே வைத்திருந்தார்கள். அப்புறம் 'வெர்தலியோத்' என்று மாற்றிக்கொண்டார்கள். சுழலுதல், பறத்தல் என்ற இரண்டு ரஷ்யச் சொற்களின் சேர்க்கை அது. அதை உருவாக்கியதாகச் சொல்லப்படுபவர் நிக்கோலாய் காமோவ். பின்னாளில் காமோவ் ஹெலிகாப்டர்களுக்கே பெயர் தந்த பொறியாளர் அவர். எந்திரத்தைச் செய்கிறவரே அதற்குத் தாய்மொழியில் பெயரும் வைத்தால் அந்தப் பெயர் நிற்கும் என்பது என் எண்ணம்.

தமிழிலும் பெயர் இருக்கிறது: உலங்கு வானூர்தி. தமிழ்நாட்டு நாளிதழ்களில் இதை அரிதாகத்தான் பார்க்கலாம். இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் இது சாதாரணச் சொல். அங்கே அது ஊன்றியதற்குக் காரணம் மொழிப்பற்று மட்டும் இல்லை. போர்க்காலத்தில் அந்த எந்திரம் தலைக்கு மேலே பறக்காத வாரம் கிடையாது. 1995இல் இலங்கை விமானப்படை எம்ஐ-24 தாக்குதல் ஹெலிகாப்டர்களை வெளிநாட்டிலிருந்து வாங்கியது. அதற்கு முன்பே துப்பாக்கி பொருத்திய பெல் ஹெலிகாப்டர்கள் இருந்தன. ஊர்ச் சனம் பேச்சில் 'ஹெலி' என்றது; பத்திரிகை உலங்கு வானூர்தி என்று எழுதியது. தூரத்தில் சத்தம் கேட்டதுமே பதுங்கு குழிக்கு ஓடிய பிள்ளைகளுக்கு இந்தச் சொல் வெறும் கலைச்சொல்லாக இருந்திருக்காது. எத்தனையோ தமிழ்க் கலைச்சொற்கள் அகராதியில் தூங்க, இது வாழ்ந்த சொல்லாக இருப்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

'உலங்கு' என்றால் என்ன? பழைய அகராதிகளைப் புரட்டினால் பெருங்கொசு என்று இருக்கும். இதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள், கொசுவா என்று. எனக்கு இது மிகப் பொருத்தமாகப் படுகிறது. கொசு நின்ற இடத்திலிருந்தே எழும், அந்தரத்தில் நிற்கும், பக்கவாட்டில் நகரும், வருவதற்கு முன்னே அதன் ரீங்காரம் வரும். ஹெலிகாப்டர் செய்வதும் இதுதானே. அருகிலேயே இன்னும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'உலம்புதல்' என்றால் பேரொலி எழுப்புதல். 'உலமரல்' என்றால் சுழலுதல், மனம் சுழன்று வருந்துதல். இதன் உடன்பிறப்பான அலமரலைத் தொல்காப்பியம் 'அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி' என்று விளக்குகிறது. இந்த மூன்றுக்கும் வேர் ஒன்றுதான் என்று நான் அடித்துச் சொல்ல வரவில்லை. ஆனால் கொசு, இரைச்சல், சுழற்சி மூன்றும் ஒரே ஒலிக்குள் வந்து நிற்பதால், காதில் விழுந்ததும் சொல் பொருளோடு ஒட்டிக்கொள்கிறது.

வானூர்திக்கு வயது இன்னும் அதிகம். ஊர்தல் என்றால் ஏறிச் செல்லுதல். ஏறிச் செல்லப்படுவது ஊர்தி. புறநானூற்றின் 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புலவர் பாடும் புகழ் பெற்றவர்கள் 'வலவன் ஏவா வான ஊர்தி' எய்துவார்கள் என்று சோழன் நலங்கிள்ளியிடம் சொல்கிறார். வலவன் என்றால் ஓட்டுநர். ஓட்டுநர் இல்லாமலே வானில் செல்லும் ஊர்தி! ஆளில்லா விமானத்துக்குப் புதுச்சொல் தேடும்போதெல்லாம் எனக்கு இந்த அடி நினைவுக்கு வரும். அதற்காக அந்தக் காலத்திலேயே நம்மிடம் விமானம் இருந்தது என்று சொல்வது பாட்டுக்கு நாம் செய்யும் அநியாயம். அவர் பாடியது வானுலகம் சேரும் பேற்றை.

சரி, இப்போது முன்னொட்டுக்கு வருவோம். தாக்குதல், போர், ஆயுதம் ஏந்திய என்ற மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் அதிகக் குழப்பம். அதுதான் உயிர் சம்பந்தப்பட்டதும்கூட.

ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச் செல்ல உருவான ஹெலிகாப்டரில் ராக்கெட்டும் துப்பாக்கியும் பொருத்தினால் அது ஆயுதம் ஏந்திய ஹெலிகாப்டர். தாக்குதல் ஹெலிகாப்டர் பிறப்பிலேயே வேறு. வியட்நாம் போரின்போது 1967இல் களத்துக்கு வந்த அமெரிக்கக் கோப்ரா இந்த வகையின் முன்னோடி. ஆள் ஏற்ற இடமே இல்லை. ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் உட்காருவார்கள், அதனால் உடல் ஒல்லி, எதிரிக்குக் குறி வைக்கச் சிரமம். அப்பாச்சியிலும் இதே இருக்கைதான்: முன்னால் சுடுபவர், பின்னால் விமானி. மூக்குக்குக் கீழே 30 மில்லிமீட்டர் பீரங்கி. தலைக்கவசம் அணிந்தவர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கம் பீரங்கியும் திரும்பும். பக்கங்களில் பீரங்கி வண்டிகளை உடைக்கும் ஹெல்ஃபயர் ஏவுகணைகள், அதிகபட்சம் பதினாறு. சுழலிக்கு மேலே குடம் கவிழ்த்தது போல் இருப்பது லாங்போ ரேடார். மரத்துக்கோ மேட்டுக்கோ பின்னால் உடலை மறைத்துக்கொண்டு, அந்தக் குடத்தை மட்டும் நீட்டி எதிரியைப் பார்க்க அது உதவும்.

இந்த வேறுபாட்டுக்கு இந்தியா கார்கிலில் விலை கொடுத்தது. எம்ஐ-17 அடிப்படையில் போக்குவரத்து ஹெலிகாப்டர். 1999 போரில் அதில் ராக்கெட் பொருத்தித் தாக்குதலுக்கு அனுப்பினார்கள். மே 28ஆம் தேதி தோலோலிங் பகுதியில் ஒன்று தோளிலிருந்து ஏவும் ஏவுகணைக்கு இரையானது. உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். அதன் பிறகு அந்த வேலைக்கு எம்ஐ-17ஐ அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அப்போது விமானப்படையிடம் ரஷ்யத் தாக்குதல் ஹெலிகாப்டர் எம்ஐ-35 இருந்தது. ஆனால் கார்கிலின் மெல்லிய காற்றில், அந்த உயரத்தில், அதனால் சண்டையிட முடியாது. ஆயுதம் ஏந்தியது ஒன்று, தாக்குதலுக்கென்றே பிறந்தது இன்னொன்று. இரண்டையும் ஒரே பெயரில் எழுதும்போது அந்த நால்வரின் மரணம் சொல்லும் செய்தியும் மறைந்துபோகிறது.

கார்கில் தந்த பாடத்தில்தான் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் மலைக்கென்றே ஒரு ஹெலிகாப்டரை உருவாக்கியது. அதன் அதிகாரப்பூர்வ வகைப்பெயர் இலகுரகப் போர் ஹெலிகாப்டர். அதனால் அதற்கு மட்டும் 'போர்' என்ற முன்னொட்டு தவறில்லை. 2022 அக்டோபர் 3இல் ஜோத்பூரில் விமானப்படையில் சேர்ந்தபோது 'பிரசண்ட்' என்று பெயரிட்டார்கள். நமக்கும் தெரிந்த சொல்தான். பிரசண்ட மாருதம் என்று புயலைச் சொல்வோமே, அந்தப் பிரசண்டம். 2025 மார்ச்சில் 156 பிரசண்ட் வாங்க 62,700 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆனது. விமானப்படைக்கு 66, தரைப்படைக்கு 90.

இந்த 'யாருக்கு' என்பது அடுத்த சிக்கல். தமிழில் ராணுவம் என்ற சொல் சில நேரம் முப்படையையும் குறிக்கிறது, சில நேரம் தரைப்படையை மட்டும் குறிக்கிறது. 2021 டிசம்பர் 8இல் குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் பயணித்த ஹெலிகாப்டர் விழுந்தபோது, நம் ஊரில் எல்லோரும் ராணுவ ஹெலிகாப்டர் என்றுதான் சொன்னோம். அது சூலூரிலிருந்து கிளம்பிய விமானப்படையின் எம்ஐ-17. துயரத்தின் நடுவில் யாரும் அதைத் திருத்தவில்லை, திருத்தவும் தோன்றாது. ஆனால் தாக்குதல் ஹெலிகாப்டர் யார் கையில் இருக்க வேண்டும் என்பதே தரைப்படைக்கும் விமானப்படைக்கும் இடையில் நெடுநாள் வழக்காக இருக்கும் நாட்டில், இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அந்த வழக்கே வாசகருக்குப் புரியாது. தரைப்படை, விமானப்படை என்று நல்ல சொற்கள் கைவசம் இருக்கின்றன. விமானப்படையை வான்படை என்றாலும் சரிதான்.

கடைசியாக ஒரு வினைச்சொல்: 'வாங்குகிறது'. கடையில் காய்கறி வாங்குவது போல இது நடப்பதில்லை. 22 தாக்குதல் ஹெலிகாப்டருக்கு இந்தியா விலைப்புள்ளி கேட்டது 2008இல். அந்தச் சுற்று கைவிடப்பட்டு மறுபடி கேட்டார்கள். பறக்கவிட்டுச் சோதித்ததில் ரஷ்யாவின் எம்ஐ-28 பின்தங்கியது, அப்பாச்சி தேர்வானது. ஒப்பந்தம் கையெழுத்தானது 2015 செப்டம்பரில். இருபத்திரண்டும் வந்து சேர்ந்தது 2020இல். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எந்த ஆண்டிலும் 'இந்தியா வாங்குகிறது' என்று எழுதியிருக்கலாம், எழுதினார்கள். திட்டம், ஒப்புதல், ஒப்பந்தம், ஒப்படைப்பு என்று நான்கு சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்தச் சொல்லைப் போட்டாலே போதும். முழுவதற்கும் ஒரே சொல் வேண்டுமானால் கொள்முதல். நெல்லுக்குப் பழகிய சொல், ஹெலிகாப்டருக்கும் பொருந்தும்.

அன்றாட எழுத்தில் நான் ஹெலிகாப்டர் என்றே எழுதுவேன். பாட்டி முதல் பேரன் வரை புரிகிற சொல்லை விரட்ட வேண்டியதில்லை. பாடநூல், கலைக்களஞ்சியம், கொஞ்சம் நின்று எழுதும் கட்டுரை என்றால் உலங்கு வானூர்தி. அப்பாச்சிக்குத் தாக்குதல் உலங்கு வானூர்தி. எது எழுதினாலும் முன்னொட்டில் மட்டும் சமரசம் வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டு. 2020 பிப்ரவரியில் மேலும் ஆறு அப்பாச்சிகளுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. அவற்றுக்காக 2024 மார்ச்சில் ஜோத்பூரில் ஒரு படைப்பிரிவே தொடங்கப்பட்டு, எந்திரம் இல்லாமல் காத்திருந்தது. 2025 ஜூலையில் முதல் மூன்று, டெல்லி அருகே ஹிண்டன் தளத்தில் வந்து இறங்கின. ஹிண்டன் விமானப்படைத் தளம், வந்தவையோ விமானப்படைக்கு அல்ல. இந்த வகையின் உடற்பகுதிகள் ஹைதராபாத்தில் செய்யப்பட்டு அமெரிக்கா போகின்றன, ஆனால் எந்திரம் வாங்கப்பட்டது வெளிநாட்டிலிருந்து. அன்றைய செய்தியை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: 'தரைப்படைக்கு ஒப்பந்தமான ஆறு அமெரிக்கத் தாக்குதல் ஹெலிகாப்டர்களில் மூன்று ஒப்படைக்கப்பட்டன.'