பிஸ்டனா, டர்பைனா: ஹெலிகாப்டர் எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஓடுபாதையில் வேகமெடுத்து இறக்கைகளின் துணையோடு எழும் விமானத்தைப் போலன்றி, ஹெலிகாப்டர் நின்ற இடத்திலேயே தன் முழு எடையையும் எஞ்சின் திறனைக் கொண்டு தூக்க வேண்டியிருக்கிறது. எஞ்சினில் கூடும் ஒவ்வொரு கிலோவும் பயணிகளின் எடையிலிருந்தோ எரிபொருளிலிருந்தோ கழிக்கப்படும். எனவே எஞ்சின் தேர்வில் எடையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ராபின்சன் நிறுவனத்தின் நான்கு இருக்கை ஆர்44 ஹெலிகாப்டரை இயக்கும் ஆறு சிலிண்டர் லைகாமிங் பிஸ்டன் எஞ்சின் 200 கிலோவை நெருங்கும் எடை கொண்டது. 2010இல் சான்று பெற்ற ஐந்து இருக்கை ஆர்66இன் ரோல்ஸ்-ராய்ஸ் டர்பைன், அதைவிடக் கூடுதல் திறன் தந்தும், சுமார் 80 கிலோதான். பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நின்று திசை மாறுவதாலும், எரிதல் விட்டுவிட்டு நிகழ்வதாலும், அந்த அதிர்வுகளைத் தாங்க அதன் பாகங்கள் கனமாக இருந்தாக வேண்டும். டர்பைனிலோ காற்றை அழுத்துவதும் எரிப்பதும் விரியவிடுவதும் வெவ்வேறு இடங்களில் ஒரே நேரத்தில், இடைவிடாமல் நடக்கின்றன; இந்த அளவு எஞ்சின்களில் காற்றை அழுத்தும் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 50,000 முறை சுழல்கிறது. ஹெலிகாப்டரைத் தூக்கும் மேல் விசிறியான சுழலிக்குத் திறனை அனுப்பும் இரண்டாவது டர்பைன், அழுத்தும் சக்கரத்தைச் சுழற்றும் முதலாவதோடு தண்டால் இணைக்கப்படாமல் வெப்ப வாயுவால் மட்டுமே சுழல்வதால், தொடக்கத்தில் சுழலியின் சுமை எஞ்சினை அழுத்துவதில்லை. ஆர்44இல் இதே வசதிக்காக, எஞ்சினைச் சுழலியோடு இணைக்கும் பெல்ட்டுகளைத் தளர்த்தி வைத்து எஞ்சினை இயக்கிய பிறகே அவற்றை இறுக்க வேண்டியிருக்கிறது.

இந்த எடைக் குறைவுக்கு எரிபொருளில் விலை கொடுக்க வேண்டும். டர்பைன் சிறிதாகச் சிறிதாக, அதன் சக்கர விளிம்பிலுள்ள தகடுகளான அலகுகளின் முனைக்கும் வெளி உறைக்கும் இடையிலுள்ள இடுக்கு ஒப்பளவில் பெரிதாகி, காற்று அதன் வழியே கசிகிறது. குறைந்த திறனில் இயக்கினால் சிக்கனம் மேலும் சரிகிறது. ஆர்44 மணிக்கு 60 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், ஆர்66 90 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் எரிக்கின்றன.

டர்பைனைத் தொடங்கும் சில விநாடிகளும் கவனம் கோருபவை. மின்கலம் தளர்ந்திருந்து போதிய காற்று உள்ளே வராதபோது எரிபொருள் பாய்ந்தால், வெப்பம் எல்லை மீறி அலகுகள் கெட்டுவிடும். பறந்த மணி நேரத்தோடு, தொடங்கிய தடவைகளும் பாகங்களின் ஆயுள் கணக்கில் சேர்கின்றன. பிஸ்டனுக்கு இந்தக் கணக்கு இல்லை. ஆனால் எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் உள்ள வகைகளில், ஈரக்காற்று வீசும் மிதமான வெயில் நாளில்கூட உள்ளே பனி உறைந்து திறன் குறையலாம் என்பதை ஓட்டுநர் மறக்கலாகாது.

உயரத்தில் டர்பைன் திறன் இழப்பதில்லை என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. மெல்லிய காற்றில் இரண்டுமே தளர்கின்றன, ஆனால் எடை குறைந்த டர்பைனில் கூடுதல் திறனைக் கையிருப்பாக வைப்பது எளிது. டர்பைனால் இயங்கிய அலுவெட் 2 என்ற ஹெலிகாப்டர், 1955இலேயே 8,209 மீட்டர் உயரம் எட்டியது.

ஆகவே பயிற்சிக்கும், ஓரிருவர் தாழ்வான நிலப்பகுதியில் எப்போதாவது பறப்பதற்கும் பிஸ்டனே பொருத்தம். மலைப்பகுதி, கனத்த சுமை, அன்றாடப் பணி என்றால் டர்பைனின் செலவு நியாயமாகிறது. இவற்றுக்கு முன்பே விடையைத் தீர்மானித்துவிடக்கூடிய ஒன்றும் உண்டு: பெரும்பாலான பிஸ்டன் ஹெலிகாப்டர்களுக்கு வேண்டிய ஈயம் கலந்த விமான பெட்ரோல் பல இடங்களில் கிடைப்பதில்லை, டர்பைனுக்கான மண்ணெண்ணெய் வகை எரிபொருளோ ஜெட் விமானங்கள் வந்துபோகும் இடமெல்லாம் கிடைக்கிறது.