மூட்டையை வைத்தால் எலி சாகிறது

"தம்பி, தராசுல மூட்டைய வச்சா எலி செத்துப்போகுது."

புதுவயல் அரிசி ஆலை ஒன்றின் கணக்கப்பிள்ளை தொலைபேசியில் இப்படித்தான் தொடங்கினார். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரான புதுவயலில் அரிசி ஆலைகள் நிறைய. அங்கே எலி சாவது நல்ல சேதிதானே என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அவர் சொன்னது மேசைமேல் இருக்கும் எலியை. புதிதாக வாங்கிய மூட்டைத் தராசு எடையை அனுப்பத் தொடங்கியதும் திரையில் அம்பு அப்படியே நின்றுவிடுகிறதாம். கணினியை அணைத்துப் போட்டால் எலிக்கு உயிர் வருகிறது. அதுவும் அடுத்த மூட்டை வரைக்கும்தான்.

போய்ப் பார்த்தேன். பழைய பென்டியம், விண்டோஸ் 98. பின்பக்கம் கருவிகளைச் சொருக இரண்டு சீரியல் போர்ட்கள். ஒன்றில் மவுஸ், இன்னொன்றில் லாரி எடை மேடை. மூன்றாவது கருவிக்கு இடமில்லாததால், பழைய சாமான் கடையில் ஒரு சீரியல் கார்டு வாங்கி யாரோ சொருகிக் கொடுத்திருந்தார்கள். சொருகியவர் வேலை முடிந்தது என்று போய்விட்டார். பாதி வேலைதான் முடிந்திருந்தது.

புதுக் கணினி வாங்கலாமே என்று கேட்பீர்கள். ஆலையின் கணக்கு நிரல் விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்தில் எழுதியது. அது போர்ட்டின் முகவரியைத் தானே நேராகத் தொட்டு எடையைப் படிக்கும். யூஎஸ்பி மாற்றிக் கேபிள் டாஸ் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பிசிஐ என்ற பிந்திய வகை ஸ்லாட்டில் சீரியல் கார்டு போட்டாலோ, கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரல் அதற்குத் தன் விருப்பப்படி ஏதோ ஒரு முகவரியைக் கொடுக்கும். பழைய நிரல் வழக்கமான கதவைத் தட்டிவிட்டு ஆளில்லை என்று திரும்பிவிடும். ஆகவே பழைய கணினிக்குப் ஐஎஸ்ஏ என்ற பழைய ஸ்லாட் வகைக் கார்டுதான் பொருத்தம்.

சீரியல் போர்ட் செய்வது எளிய வேலை. ஓர் எழுத்துக்கான எட்டு பிட்களையும், அதாவது எட்டு 0, 1-களையும், ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். அதற்கான ஆர்எஸ்-232 தரம் 1960-இல் வந்தது. கணினிப் பழக்கத்துக்கு மாறாக, இதில் 1 என்றால் எதிர் மின்னழுத்தம், 0 என்றால் நேர் மின்னழுத்தம். பெறும் முனையில் மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை 1. பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை 0. யாரும் பேசாதபோது கம்பி 1-லேயே, அதாவது எதிர் மின்னழுத்தத்திலேயே நிற்கும். இதனால் எங்களைப் போன்ற ரிப்பேர்காரர்களுக்கு ஒரு சௌகரியம். ஒன்பது பின் இணைப்பில் 5-ஆவது பின் பூமி, அதாவது கிரவுண்ட். அதற்கும் 3-ஆவது பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் மைனஸ் 10, 11 என்று காட்டும். காட்டினால் கணினியின் அனுப்பும் கம்பி உயிரோடு இருக்கிறது. கேபிளை எந்தப் பக்கம் மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள் என்பதையும் இதே சோதனை காட்டிக்கொடுக்கும்.

பேச்சு தொடங்கும்போது கம்பி ஒரு பிட் நேரம் 0-க்கு மாறும். அது தொடக்க பிட். பிறகு எழுத்தின் பிட்கள், கடைசியில் ஒரு நிறுத்த பிட். எட்டு பிட் எழுத்துக்கு மொத்தம் பத்து பிட் செலவு. வேகம் விநாடிக்கு 9600 பிட் என்றால் விநாடிக்கு 960 எழுத்து. ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடி. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிட்களைக் கோப்பதும் பிரிப்பதும் யூஆர்ட் என்ற சிப்பின் வேலை. 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் சீரியல் கார்டில் 8250 என்ற சிப் இருந்தது. அதற்குத் தாளம் போடுவது 1.8432 மெகாஹெர்ட்ஸ் படிகம். பல கார்டுகளில் ஒரு சின்னத் தகர டப்பாபோல உட்கார்ந்திருக்கும், மேலே அந்த எண்ணும் அச்சாகியிருக்கும். ஏன் இப்படி ஒரு விசித்திரமான எண்? 16-ஆல் வகுத்தால் 115200 வரும். அதை 12-ஆல் வகுத்தால் 9600, 48-ஆல் வகுத்தால் 2400. மீதியே இல்லாமல் வகுபடவேண்டும் என்றுதான் அந்த எண்.

இப்போது எலிக்கு வருவோம்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் வளவு என்ற உள்முற்றத்தைச் சுற்றி அறைகள் வரிசையாக இருக்கும். மணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. கோயில் கணக்கில் அவர் குடும்பம் ஒரு புள்ளி, அதாவது தனி ஓர் அலகு. பிசிக்குள் சீரியல் போர்ட்களும் அப்படித்தான் குடியிருக்கின்றன. பிசி அவற்றைக் காம் என்று எண் போட்டு அழைக்கும். காம் 1-க்கு முகவரி 3எஃப்8, காம் 2-க்கு 2எஃப்8, காம் 3-க்கு 3ஈ8, காம் 4-க்கு 2ஈ8. பதினாறின் அடிமானத்தில் எழுதுவதால்தான் எண்ணுக்கு நடுவே எழுத்து வருகிறது. ஒவ்வொரு போர்ட்டும் அந்த முகவரியிலிருந்து அடுத்தடுத்து எட்டு இடங்களை எடுத்துக்கொள்ளும். அறைகள் தனித்தனி, அதில் தகராறே இல்லை.

தகராறு மணியில். எழுத்து வந்து சேர்ந்ததும் யூஆர்ட் பிராசஸரைக் கூப்பிட வேண்டும். அதற்கென்று ஒரு தனிக் கம்பி உண்டு; இன்டரப்ட், தமிழில் குறுக்கீடு. முதல் பிசியில் எட்டே குறுக்கீட்டுக் கம்பிகள். 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் இன்னொரு குறுக்கீட்டுச் சிப்பும் அதனோடு எட்டுக் கம்பிகளும் சேர்ந்தன. இரண்டு சிப்களையும் இணைக்கவே ஒன்று போய்விட்டதால் மிச்சம் பதினைந்து. கடிகாரம், விசைப்பலகை, ஃபிளாப்பி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டன. சீரியல் போர்ட்களுக்குக் கிடைத்தவை இரண்டுதான். காம் 1-க்கும் காம் 3-க்கும் சேர்த்து 4-ஆம் எண், காம் 2-க்கும் காம் 4-க்கும் சேர்த்து 3-ஆம் எண். நான்கு அறைக்கு இரண்டு மணி.

இரண்டு பேர் ஒரே மணியை அடித்தால் என்ன, வந்து யாரென்று கேட்டால் போயிற்று என்று தோன்றும். ஐஎஸ்ஏ கணினியின் காவல்காரர் ஒரு வினோதமான ஆள். மணி அடிக்கத் தொடங்கும் அந்த ஒரு கணம் மட்டும்தான் அவர் காதில் விழும். தொடர்ந்து அடித்துக்கொண்டே இருந்தால் கேட்காது. விட்டு மறுபடி அடித்தால்தான் திரும்புவார். மின்னழுத்தம் தாழ்விலிருந்து உயர்வுக்கு ஏறும் விளிம்பை மட்டுமே அந்தக் குறுக்கீட்டுச் சிப் கவனிக்கும் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறேன்.

ஆலையில் நடந்ததைப் பாருங்கள். மவுஸ் காம் 1-இல், தராசு காம் 3-இல், இருவருக்கும் 4-ஆம் மணி. தராசு நிரல், அதாவது தராசைப் படிக்கும் கணக்கு நிரல், திறந்ததும் 4-ஆம் மணிக்குப் பதில் சொல்லும் பொறுப்பை அது எடுத்துக்கொள்கிறது. அந்த நேரம் யாரோ மவுஸை அசைக்கிறார்கள். மணி அடிக்கிறது. தராசு நிரல் 3ஈ8 அறையை மட்டும் எட்டிப் பார்க்கிறது; அங்கே ஒன்றும் இல்லை, திரும்பிவிடுகிறது. மவுஸின் எழுத்தை எடுக்க ஆளில்லை. எடுக்கும்வரை மவுஸின் யூஆர்ட் மணியை விடுவதாயில்லை. அடித்துக்கொண்டே இருக்கும் மணி காவல்காரருக்குக் கேட்பதில்லை. எலி செத்தது. சில சமயம் தராசும் சேர்ந்து படுத்துவிடும். போதாக்குறைக்கு, ஐஎஸ்ஏ கார்டுகள் அந்தக் கம்பியை மேலேயும் தள்ளும், கீழேயும் இழுக்கும். இரண்டு கார்டுகள் எதிரெதிராக இழுத்தால் மின்னழுத்தம் நடுவில் எங்கேயோ தொங்கும்.

அப்படியானால் பங்கு போட்டது யார் செய்த முட்டாள்தனம்? முட்டாள்தனமில்லை. யூஆர்ட்டின் குறுக்கீட்டுக் கம்பிக்கு நடுவே ஒரு வாயில் உண்டு. நிரல் போர்ட்டைத் திறக்கும்போதுதான் அதுவும் திறக்கும். ஒரு நேரத்தில் ஒரு போர்ட் என்று இருந்தவரை பங்காளிகளுக்குள் சண்டை வரவில்லை. டாஸ் ஒரு நேரத்தில் ஒரு நிரலைத்தானே ஓட்டும். மவுஸ் வந்து நாள் முழுக்க வாயிலைத் திறந்தே வைத்ததும்தான் குட்டு வெளிப்பட்டது. பின்னால் வந்த பிசிஐயில் மணி அடித்துக்கொண்டிருக்கும்வரை காவல்காரர் ஒவ்வோர் அறையாகப் போய்க் கேட்பார்; அதனால் அங்கே பங்கு போடலாம்.

வியாதி தெரிந்தபின் மருந்து சுலபம். தராசுக்குத் தனி மணி வேண்டும். 5-ஆம் எண் பொதுவாக இரண்டாவது பிரிண்டருக்கோ சவுண்ட் கார்டுக்கோ போகும். அரிசி ஆலைக் கணினியில் பாட்டுக் கேட்பவர் யாருமில்லை, அதனால் காலியாகவே இருந்தது.

கணினியை அணைத்து, மின் செருகியையே பிடுங்கிவிட்டுத்தான் மூடியைக் கழற்றினேன். ஏடிஎக்ஸ் வகை என்றால் அணைத்த பிறகும் மதர்போர்டில் 5 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். உள்ளே விரற்கடை உயரத்துக்குத் தவிட்டுத்தூசி. கறுப்பு நிறத்தில் நீளமாக இருப்பது ஐஎஸ்ஏ ஸ்லாட். குட்டையாக வெள்ளையாக இருப்பது பிசிஐ. கார்டை நேராக மேலே இழுத்து எடுத்தேன். விளிம்பில் மஞ்சள் பட்டைகள் மங்கிப்போயிருந்தன. அது மெய்யான தங்கமுலாம்தான், மிக மெல்லியது. செம்பு துருவேறும், தங்கம் ஏறாது. ஒரு வோல்ட்டைக்கூடத் தடுக்கிற அழுக்குப் படலம் அங்கே வரக்கூடாது என்பதற்காகப் பூசுகிறார்கள். துருவையும் முலாமையும் ஆராய்வதற்கென்றே 1953 முதல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அந்த ஊர்க்காரனுக்கு இது தெரியாமல் இருந்தால் வெட்கம். பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்தால் போதும். உப்புத்தாள் போட்டால் அழுக்கோடு தங்கமும் போய்விடும்.

கார்டில் இரண்டு வரிசை ஜம்பர்கள்; இரண்டு பின்களை இணைக்கும் சின்னப் பிளாஸ்டிக் மூடிகள் அவை. ஒரு வரிசை முகவரிக்கு, மற்றது மணிக்கு. முகவரி 3ஈ8-லேயே இருக்கட்டும் என்று விட்டேன். காம் 4-இன் 2ஈ8 பக்கம் நான் போவதே இல்லை. பழைய கார்டுகள் முகவரியின் கடைசிப் பத்து பிட்களை மட்டுமே பார்க்கும்; எஸ்3 போன்ற சில வீடியோ கார்டுகள் 2ஈ8 என்று முடியும் நீளமான முகவரிகளைப் பயன்படுத்தும். இரண்டும் ஒரே வீடென்று நினைத்துக்கொண்டால் திரை கோலமாகிவிடும். மணி ஜம்பரை 4-லிருந்து எடுத்து 5-இல் போட்டேன். முக்கால் வாசி வேலை இந்த ஒரு நகத்தளவு பிளாஸ்டிக்தான்.

மிச்சம் மூன்று இடத்தில் சொல்ல வேண்டும். பயாஸில் 5-ஆம் குறுக்கீட்டைப் பழைய ஐஎஸ்ஏ கார்டுக்கு என்று ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை எடுத்து ஏதாவது பிசிஐ கார்டுக்குக் கொடுத்துவிடும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டுக்குத் தானியங்கி அமைப்பை நீக்கி, கையால் 5 என்று மாற்ற வேண்டும். கணக்கு நிரலின் அமைப்புக் கோப்பிலும் 4 என்று இருந்ததை 5 ஆக்கினேன். ஜம்பர் ஒன்று சொல்ல, விண்டோஸ் இன்னொன்று நினைத்துக்கொண்டிருந்தால் மணி ஓர் இடத்தில் அடிக்கும், காது வேறிடத்தில் இருக்கும்.

போர்ட் தெரிகிறதா என்று பார்க்க டாஸின் டீபக் நிரலில் ஒரு வழி உண்டு. டி 40:0 என்று அடித்தால் பயாஸ் கண்டுபிடித்த சீரியல் முகவரிகள் வரிசையாக வரும். 3எஃப்8 என்பது எஃப்8 03 என்று பின்முன்னாகத் தெரியும். பயப்பட வேண்டாம், இன்டெல் பிராசஸர்களின் வழக்கம் அது. முதல் ஐபிஎம் பயாஸ் இரண்டு முகவரிகளை மட்டுமே தேடியது. இன்னொரு குழப்பமும் உண்டு: நடுவில் காலியிடம் விடாமல் பட்டியலை நிரப்புவதால், 2எஃப்8 இல்லாத கணினியில் 3ஈ8 போர்ட் இரண்டாம் இடத்துக்கு வந்து காம் 2 என்று பெயர் வாங்கிக்கொள்ளும். அப்புறம் 2, 3 பின்களை ஒரு கம்பியால் இணைத்து, அனுப்பிய எழுத்து அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்த்தேன். வந்தது.

தராசைச் சொருகி மூட்டையை வைத்தோம். எலி ஓடியது. எடைதான் விழுந்து கிடந்தது. 75 கிலோ வரவேண்டிய இடத்தில் ஏதோ ஒரு கோணல் குறி, அதன் பக்கத்தில் 5. "இது என்ன தம்பி, புது பாஷை?" என்றார் கணக்கப்பிள்ளை.

எடைக்கல்லை மாற்றி மாற்றி வைத்ததில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. 0, 3, 5, 6, 9 மட்டும் சரியாக வருகின்றன. 1, 2, 4, 7, 8 குறிகளாகிவிடுகின்றன. இந்த வரிசையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தராசு ஏழு பிட் எழுத்தோடு, பிழை பிடிக்க உதவும் இரட்டைப்படைப் பேரிட்டி என்ற ஒரு பிட்டையும் அனுப்புகிறது. கணினி எட்டு பிட் என்று படிக்கிறது. எப்படிப் பார்த்தாலும் மொத்தம் பத்து பிட்தான், அதனால் பிழை என்று கணினிக்குத் தோன்றவே இல்லை. எழுத்தில் 1-களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அதை இரட்டையாக்கத் தராசு கூடுதலாக ஒரு 1 சேர்க்கும். 5-இன் குறியீட்டில் நான்கு 1-கள். சேர்க்கத் தேவையில்லை, 5 தப்பித்தது. 7-இல் ஐந்து, ஒன்று சேர்ந்து, அதை எட்டாவது பிட்டாகக் கணினி எண்ணிக்கொள்ள, 7 போய் வேறு குறி வந்துவிட்டது. அமைப்புக் கோப்பில் ஏழு பிட், இரட்டைப் பேரிட்டி என்று மாற்றியதும் 75 வந்தது.

கார்டில் இருந்தது 16450 என்ற சிப். ஒரே ஓர் எழுத்தைத்தான் கையில் வைத்திருக்கும். அடுத்த எழுத்து ஒரு மில்லிவிநாடியில் வந்துவிடும். அதற்குள் பிராசஸர் வந்து எடுக்காவிட்டால் பழையதன்மேல் புதியது விழும். ஹார்ட் டிஸ்க் வேலையாக இருக்கும்போது விண்டோஸ் 98 அந்த அளவு தாமதிக்கத் தயங்காது. நல்லவேளையாகச் சிப் சாக்கெட்டில் இருந்தது. அதே நாற்பது கால்களுடன் வரும் 16550ஏ பதினாறு எழுத்துவரை வாங்கி வைத்துக்கொள்ளும். என்னிடம் பழைய மோடம் கார்டு ஒன்றிலிருந்து பிடுங்கியது கிடந்தது. மறுநாள் கொண்டுபோய் மாற்றினேன்.

மூடியைத் திருகுவதற்கு முன் அதன் உட்பக்கத்தில் மார்க்கரால் எழுதிவைத்தேன்: காம் 3, முகவரி 3ஈ8, குறுக்கீடு 5, 9600, ஏழு பிட், இரட்டை. கணக்கப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, தன் பேரேட்டின் கடைசிப் பக்கத்திலும் ஒருமுறை எழுதித் தரச் சொன்னார்.