கன்சர்வேட்டிவ்: பழமைவாதியா, பேணுநரா?

வனத்துறையில் ‘கன்சர்வேட்டர்’ பதவியை வனப் பாதுகாவலர் என்று எழுதுகிறோம். அதே வேரில் பிறந்த ‘கன்சர்வேட்டிவ்’ மட்டும் அரசியலுக்குள் நுழைந்ததும் பழமைவாதி ஆகிவிடுகிறது. காவல் எங்கே போயிற்று?

லத்தீனில் ‘செர்வாரே’ என்றால் காத்தல். முன்னொட்டுச் சேர்ந்த ‘கோன்செர்வாரே’ சிதையாமல் காத்தல். பழமைக்கு அதில் இடமே இல்லை. பிரெஞ்சுப் புரட்சியும் நெப்போலியனும் ஓய்ந்த பிறகு, 1818இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஷத்தோபிரியான் தொடங்கிய இதழுக்கு இந்தச் சொல்தான் பெயர். 1830இல் லண்டனின் குவார்ட்டர்லி ரிவ்யூ இதழ், பிரிட்டனின் டோரிக் கட்சிக்கு இதுவே பொருத்தமான பெயர் என்றது. ‘டோரி’ ஐரிஷ் மொழியிலிருந்து வந்த வசைச்சொல். கொள்ளைக்காரன் என்று பொருள். கட்சி பெயரை மாற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

எதைக் காப்பது என்பதில்தான் சிக்கல். பின்னாளில் அந்தக் கட்சியின் பிரதமரான பெஞ்சமின் டிஸ்ரேலியைப் பாருங்கள். 1847 முதல் 1876 வரை பக்கிங்ஹாம்ஷயர் என்ற வேளாண் மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர். அத்தகைய தொகுதியில் நிற்பவருக்கு நிலபுலன் இருந்தால்தான் மதிப்பு. இவரோ யூதக் குடும்பத்தில் பிறந்த நாவலாசிரியர், போதாக்குறைக்குக் கடனாளி. பெண்டிங்க் என்ற பிரபுக் குடும்பத்தாரிடம் கடன் வாங்கித்தான் 1848இல் ஹியூகண்டன் பண்ணையை வாங்கினார்.

அவரை உயர்த்தியது தானியம். இறக்குமதித் தானியத்துக்கான வரியை 1846இல் சொந்தக் கட்சிப் பிரதமர் ராபர்ட் பீலே நீக்கியபோது, நிலக்கிழார்கள் பக்கம் நின்று பீலைக் கிழித்தெறிந்தார். அதற்கு முந்தைய ஆண்டே, கன்சர்வேட்டிவ் அரசு என்பது ஒழுங்கமைத்த பாசாங்கு என்று அவையில் சொன்னவர் அவர். ஆனால் 1852இல் நிதியமைச்சரானதும் அந்த வரியை மீட்கவில்லை. 1879இல் விளைச்சல் பொய்த்து, அமெரிக்கக் கோதுமை மலிவாக வந்து குவிந்தபோது அவர் பிரதமர். அப்போதும் மறுத்துவிட்டார். இடையே 1867இல், நகரத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை தந்த சட்டத்தை நிறைவேற்றியிருந்தார். இவரைப் பழமைவாதி என்றால் பாதி வாழ்க்கை சொல்லுக்கு வெளியே நிற்கும்.

தமிழில் ‘பழமைவாதி’ விளக்கமாக இல்லை, தீர்ப்பாக இருக்கிறது. எவரும் தன்னை அப்படி அழைத்துக்கொள்வதில்லை. ‘பிற்போக்காளர்’ நேரடியான வசை. ‘பாதுகாவலர்’ வேருக்கு நெருக்கம்தான், ஆனால் காடு, கோயில் என்று ஏதாவது முன்னால் வராவிட்டால் காவல்காரர் போலத் தொனிக்கும். என் தேர்வு ‘மரபு பேணுநர்’. உடம்பைப் பேணு என்கிறோமே, அந்தப் ‘பேண்’ வெறும் பூட்டிவைப்பு அல்ல. கெடாமல் பார்த்து, தேவையானால் மருந்தும் கொடுப்பது. ‘பழையன கழிதலும்’ என்ற நன்னூல் வரியை மரபுக்கு எதிராகவே மேடையில் வீசுவார்கள். இலக்கணத்தைக் காக்க வந்த நூலில்தான் அது இருக்கிறது.

கட்சியின் பெயரை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். கன்சர்வேட்டிவ் கட்சி என்றே இருக்கட்டும்.