டிஎன்ஏசைம்: தமிழில் எப்படிச் சொல்வது?

நொதியைப் போல வேதிவினையை விரைவுபடுத்தும் டிஎன்ஏ இழைக்கு டிஎன்ஏசைம் என்று பெயர். டிஎன்ஏவும் 'என்சைம்' என்பதன் வாலான 'சைமும்' ஒட்டிய சொல் அது. கிரேக்கத்தில் 'சைமே' என்றால் புளித்த மாவு. 1870களில் ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே அதிலிருந்துதான் 'என்சைம்' என்ற பெயரை உண்டாக்கினார். என்சைமுக்கு நாம் சொல்லும் நொதியும் அதே அடுப்படிச் சொல்தான்: இரவு கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் நொதித்துப் பொங்கி நிற்கிறதே, அந்த நொதித்தல். இலங்கைப் பாடநூல்களில் இது நொதியம்.

நொதி என்றாலே புரதம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஆர்என்ஏவும் நொதியின் வேலையைச் செய்யும் என்று காட்டிய தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவருக்கும் 1989இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்த ஆர்என்ஏவின் பெயர் ரைபோசைம். 1994இல் ரொனால்ட் பிரேக்கரும் ஜெரால்ட் ஜாய்ஸும், ஈய அயனியின் துணையோடு ஆர்என்ஏ பிணைப்பை வெட்டும் டிஎன்ஏ ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அதுதான் முதல் டிஎன்ஏசைம்.

இயற்கையில் இப்படி ஒன்று இதுவரை அகப்படவில்லை, எல்லாம் ஆய்வகத்தில் சலித்து எடுத்தவை. கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் அளவுக்குத் தாறுமாறான வரிசை கொண்ட ஒற்றை இழைகளைப் போட்டு, வேலை செய்வதை மட்டும் பொறுக்கி, பெருக்கி, மறுபடி சலிப்பார்கள். 1997இல் வந்த பிரபலமான ஒன்றின் பெயரே '10-23': பத்தாம் சுற்றில் கிடைத்த 23ஆம் நகல். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஸ்காட் சில்வர்மன் குழு, ஆர்என்ஏ துண்டுகளை ஒட்டவைக்கும் டிஎன்ஏக்களையும் இப்படித்தான் தேடிப் பிடித்தது.

சரி, தமிழில்? 'மரபணு நொதி' தவறு. மரபணு டிஎன்ஏவின் ஒரு பகுதிதான், இந்தக் குட்டி இழைகளோ எந்த மரபணுவும் அல்ல. 'டிஎன்ஏ நொதி' காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் தொகை இடறுகிறது. டிஎன்ஏவாகிய நொதியா, டிஎன்ஏவை வெட்டும் நொதியா? இரண்டாவது வகையில் ஏற்கெனவே எத்தனையோ புரதங்கள் உண்டு. மெசஞ்சர் ஆர்என்ஏவைத் தூதுவ ஆர்என்ஏ என்று வேலையை முன்னால் வைத்துச் சொல்கிறோம் அல்லவா, அதே வார்ப்பில் 'வினையூக்கி டிஎன்ஏ' என்பேன். புளித்த மாவு வாசம் போய்விடும், அது ஒன்றுதான் குறை.