புருவம் நெரிந்தால் கோபமா?

'மனித உணர்ச்சிகளைத் தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம் சரியாகக் கண்டறியும் ஏஐ மாடல்' என்று மறுபடியும் ஒரு டெமோ. போதும் சாமி.

மாடலுக்கு உணர்ச்சி தெரியாது, பயிற்சித் தரவில் ஒட்டப்பட்ட 'கோபம்', 'பயம்' போன்ற லேபிள்தான் தெரியும். எல்லோரும் பயன்படுத்தும் எஃப்இஆர்-2013 என்ற முகப் படத் தொகுப்பையே எடுங்கள். 48-க்கு 48 பிக்சலில் 35,887 கறுப்பு வெள்ளை முகங்கள். உணர்ச்சிச் சொற்களைத் தட்டி கூகுளில் அள்ளியவை. பொருந்தாதவற்றை ஆட்கள் கழித்துக் கட்டினார்கள். 'அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தோன்றியது?' என்று படத்தில் இருப்பவரை யாரும் கேட்கவில்லை. புருவம் நெரிந்தால் கோபம், அவ்வளவுதான். வெயிலில் கண் கூசியிருக்கலாம், தலைவலியாக இருக்கலாம், மனக்கணக்குப் போட்டிருக்கலாம். மாடல் 'சரி' என்றால் லேபிள் போட்டவரின் ஊகத்தோடு ஒத்துப்போனது என்று மட்டுமே பொருள். உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட் குழு 2019-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கோபத்தில் இருந்தவர்கள் முகம் சுளித்தது ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான். மிச்சக் கோபத்தைச் சுளிப்பில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? திரையில் 'கோபம்' என்று போடாமல் 'புருவம் நெரிந்துள்ளது' என்று போடுங்கள்.

நடிகர்களை வைத்து எடுத்த தொகுப்பில் துல்லிய எண் இன்னும் அழகாக வரும். உணர்ச்சியோடு பேசுவதைப் பதிவு செய்த ராவ்டெஸ் தொகுப்பில் 24 நடிகர்கள், பேசுவது இரண்டே வாக்கியங்கள். கோப்புகளைக் குலுக்கிப் பிரித்தால் ஒரே ஆளின் குரல் பயிற்சியிலும் சோதனையிலும் இருக்கும். ஆள்வாரியாகப் பிரியுங்கள்: 20 பேர் பயிற்சிக்கு, 4 பேர் சோதனைக்கு, ஆறு சுற்று. எண் இறங்கும், இறங்கட்டும், அதைத்தான் அறிக்கையில் எழுத வேண்டும்.

ஒட்டுமொத்தத் துல்லியத்தை மட்டும் காட்டுவதையும் நிறுத்துங்கள். எஃப்இஆரில் மகிழ்ச்சிக்கு 8,989 படங்கள், அருவருப்புக்கு 547. அருவருப்பை ஒருமுறைகூடப் பிடிக்காத மாடலுக்கும் நஷ்டம் ஒன்றரை சதவீதம்தான். ஒவ்வொரு உணர்ச்சிக்கும் சம எடை தரும் சராசரி மதிப்பெண்ணான மேக்ரோ எஃப்1 கொடுங்கள், எது எதுவாகத் தவறாகக் கணிக்கப்பட்டது என்று காட்டும் கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸை முழுதாகக் காட்டுங்கள். பயம் எத்தனை தடவை வியப்பாகிறது என்பது அதில்தான் தெரியும். லேபிளுக்குச் செலவழிக்க முடிந்தால் அதே படங்களுக்குப் புதிதாக லேபிள் போட்ட எஃப்இஆர் பிளஸ் செய்த மாதிரி படத்துக்குப் பத்துப் பேரிடம் கேளுங்கள். பெரும்பான்மையை மட்டும் எடுக்காமல் வாக்கு விகிதத்தையே மாடலுக்குக் கற்றுக்கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதை நேர்காணலிலும் வகுப்பறையிலும் கொண்டுபோய் மாட்டாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பிப்ரவரி 2 முதல் பணியிடத்திலும் கல்வி நிலையத்திலும் இதற்குத் தடை. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. 'எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது' என்பவர்கள், சோதனைத் தரவில் இருந்தவர்கள் யார், லேபிள் போட்டது யார் என்பதையாவது வாடிக்கையாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.