சம்மட்டி அடிக்கும் தோள்

போன மாதம் என்னிடம் வைத்தியத்துக்கு 42 வயது அம்மா ஒருவர் வந்தார். வலது கையைத் தூக்கித் தலை வார முடியவில்லையாம். என்ன வேலை என்று கேட்டேன், "வீட்டு வேலைதான்" என்றார். பட்டறையில் 20 வருஷமாகச் சம்மட்டி அடிப்பது இவர்தான் என்பதைக் கூட வந்த கணவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஸ்கேனில் தோள் தசைநார் பாதி கிழிந்திருந்தது.

திருப்பாச்சேத்தி மாதிரி அரிவாள் அடிக்கிற ஊர்களில், நெருப்பில் பழுத்த லாரி வில்பட்டையைக் குறட்டில் பிடித்து வீட்டுக்காரர் திருப்பித் திருப்பிக் கொடுக்க, எதிரே நின்று 5 கிலோ சம்மட்டியைத் தலைக்கு மேல் ஓங்கி அடிப்பது பல வீடுகளில் பெண்கள்தான். அந்த ஓங்கலில்தான் தோள் போகிறது. கை மேலே போகும் ஒவ்வொரு முறையும் இரண்டு எலும்புக்கு நடுவில் தசைநார் நசுங்கும், சம்மட்டி இரும்பில் விழுந்து எகிறும்போது அந்த அதிர்வும் அங்கேதான் வந்து சேரும். ஊசியும் உடற்பயிற்சியும் கொடுத்து நான் அனுப்பி என்ன, மறுநாள் அதே சம்மட்டிதானே?

அதனால் பவர் ஹேமர் போடச் சொல்கிறேன். மோட்டாரில் ஓடும், காலால் பெடலை மிதிக்கிற அளவுக்கு அடி விழும், ஒரே ஆள் போதும். குறி தப்பி எதிராளி கையில் விழும் அடியும் இல்லை, பிடி கழன்று பறக்கும் சம்மட்டித் தலையும் இல்லை.

ஆனால் சரியாகப் பயன்படுத்த வேண்டும். குறட்டை வயிற்றுக்கு நேராகப் பிடிக்கவே கூடாது, இரும்பு சரியாகப் படியாமல் உதறினால் குறட்டின் வால் வயிற்றில் இறங்கிவிடும், உடம்புக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஏதாவது விழுந்து தானாக அழுத்திவிடாதபடி பெடலுக்கு மேல் தகடு மூடி வேண்டும். இரும்பின் மேல் அடிக்கும் அச்சை (டை) மாற்றும்போது மெயினை அணைத்து, சுத்தி இறங்காமல் கட்டை முட்டுக் கொடுங்கள். அப்புறம் சத்தம். 85 டெசிபலுக்கு மேல் நாள் முழுக்கக் கேட்டால் காது கெடும், முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஓசை என்பதால் பேச்சு நன்றாகக் கேட்கிற மாதிரியே இருக்கும். பஞ்சு பத்தாது, காதுக்கவசம் மாட்டுங்கள்.

பணம்தான் தடை என்றார் கணவர். மாவட்டத் தொழில் மையத்தில் கலைஞர் கைவினைத் திட்டம் பற்றிக் கேட்கச் சொல்லி மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம்.